இறுக்கினால் நிற்குமா?

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் என் அக்கா மகள் நனைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலத்தின் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது முன்னால் போன ஆட்டோ சட்டென்று நின்றுவிட்டதாம். கை வலிக்க இரண்டு பிரேக்கையும் பிடித்திருக்கிறாள். வண்டி கேட்கவில்லை. கடைசியில் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்தியிருக்கிறாள். இடது செருப்பின் முனை சாய்வாகத் தேய்ந்து போயிருந்தது.

“கடையில மூணு தடவ டைட் வச்சுக் குடுத்தாச்சு மாமா. இன்னும் எவ்வளவுதான் இறுக்க? பிரேக் நிக்கவே மாட்டேங்கு. பேசாம டிஸ்க் பிரேக் வண்டி வாங்கிருவமா?”

புது வண்டி வாங்க வேண்டியதில்லை என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அதை வெறுமனே சொன்னால் போதாது, காரணம் தெரிந்தால்தான் அவளுக்கு நம்பிக்கை வரும். டீ போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தோம். அன்று நாங்கள் பேசியதை உங்களோடும் ஒருமுறை பேசிப் பார்க்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சைக்கிள் நிற்கலாம்.

முதலில், நிறுத்துவது என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்பது நமக்குப் பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் கீழே விழுந்து தரையைத் தொடும்போது இருக்கும் வேகம் அது. ஆளும் வண்டியுமாக எழுபது கிலோ என்று வைத்துக்கொண்டால், எழுபது கிலோ மூட்டையை அந்த உயரத்துக்குத் தூக்க எவ்வளவு உழைப்பு தேவையோ அவ்வளவும் ஓடுகிற சைக்கிளுக்குள் இருக்கிறது. அதை எங்காவது கொட்டியாக வேண்டும். பிரேக் அதை உரசலாக்கிச் சூடாகக் கொட்டுகிறது. பிரேக் கட்டை சக்கரத்தின் ரிம்மில் உரசுகிறது, இரண்டும் கொஞ்சம் சூடாகின்றன, வண்டி நிற்கிறது. நீண்ட இறக்கம் இறங்கிய பிறகு ரிம்மைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருப்பது இதனால்தான்.

இந்த உரசலை உண்டாக்கும் சக்தி நம் விரலிலிருந்து கிளம்புகிறது. விரல் லிவரை இழுக்கிறது, லிவர் ஒயரை இழுக்கிறது, ஒயர் சக்கரத்தின் மேலே இருக்கும் இரண்டு கைகளை நெருக்குகிறது. பாக்குவெட்டி மாதிரி இருக்கும் அந்தக் கைகளுக்குக் கேலிப்பர் என்று பெயர். கேலிப்பர் கட்டையை ரிம்மில் அழுத்துகிறது, ரிம் டயரைத் தடுக்கிறது, டயர் ரோட்டைப் பிடிக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வருவதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். மடையில் எவ்வளவு திறந்தாலும், வழியில் உடைப்பு இருந்தால் கடைசி வயலுக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிரேக்கைச் சரிசெய்வது என்பது உடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து அடைப்பது.

அக்கா மகள் மட்டுமல்ல, நாம் எல்லாருமே நம்பிக்கொண்டிருக்கிற ஒரு விஷயம் இருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லையா, ‘டைட்’ வைக்க வேண்டும். நானும் இருபது வருஷம் இதைத்தான் நம்பினேன். கடைக்காரரிடம் போய் “அண்ணே, பிரேக் கொஞ்சம் டைட் வச்சுக் குடுங்க” என்போம். அவர் ஸ்பேனரை எடுத்து ஒயரைப் பிடித்து இழுத்து நட்டை முடுக்குவார். லிவரைத் தொட்ட உடனே கட்டை கவ்வும். ஆகா, பிரேக் வந்துவிட்டது என்று வீட்டுக்கு வருவோம். இறக்கத்தில் அதே கதை.

ஒயரை இறுக்கும்போது உண்மையில் நடப்பது ஒன்றே ஒன்றுதான். கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி குறைகிறது. மூன்று மில்லிமீட்டர் இருந்தது ஒன்றாகிறது. அதனால் லிவரை முன்பு பாதி தூரம் இழுத்த பிறகு தொட்ட கட்டை, இப்போது கால் தூரத்திலேயே தொடுகிறது. தொட்ட பிறகு எவ்வளவு பலமாக அழுத்துகிறது? முன்பு எவ்வளவோ அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கயிறு தளர்ந்து தொங்கினால், முதல் இரண்டு இழுப்பு சும்மா போகும், அப்புறம்தான் குடம் கிளம்பும். தளர்ச்சியைச் சுருட்டிவிட்டால் முதல் இழுப்பிலேயே குடம் கிளம்பிவிடும். ஆனால் குடத்தின் கனம் குறையுமா? உங்கள் கைக்கு பலம் கூடுமா? இறுக்குவது பிரேக் எப்போது தொடங்கும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. எவ்வளவு பிடிக்கும் என்பது வேறு கணக்கு.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கட்டை தேய்ந்து, ஒயர் தளர்ந்து, லிவர் ஹேண்டில்பாரில் போய் முட்டுகிற அளவுக்கு வந்துவிட்டால், அழுத்துவதற்கே இடமில்லை. அந்த நிலையில் இறுக்குவது கட்டாயம் வேண்டும். ஆனால் லிவர் பாதி வழியில் நின்று, நீங்கள் முழு பலத்தோடு அழுத்தியும் வண்டி ஓடுகிறது என்றால், அங்கே இறுக்குவதற்கு ஒன்றுமில்லை. இன்னொன்று, அளவுக்கு மீறி இறுக்கினால் பிரேக் பலவீனமாகவும் ஆகலாம். கையை நீட்டி ஒரு செம்பைத் தூக்குங்கள் என்றால் விரல்கள் பாதி மடங்கிய நிலையில்தான் நன்றாகப் பிடிக்கும். விரல் நுனி மட்டும் எட்டிப் பிடித்தால் பலம் வராது. லிவர் அசையத் தொடங்கியதுமே கட்டை கவ்விக்கொண்டால், சின்னக் கை உள்ளவர்கள் விரல் நீண்ட நிலையிலேயே முழு பலத்தையும் போட வேண்டியிருக்கும். அக்கா மகளின் வண்டியில் நடந்தது இதுவேதான். மூன்று தடவை இறுக்கியதில் லிவர் அவள் விரலுக்கு எட்டாத தூரத்திலேயே நின்றுவிட்டது. போதாததற்கு கட்டை லேசாக உரசிக்கொண்டே இருந்ததால் மிதிப்பதும் கஷ்டம்.

சரி, அப்படியானால் உடைப்பு எங்கே?

முதலில் கட்டையைப் பார்ப்போம். பிரேக் கட்டை, பிரேக் ஷூ, ரப்பர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். அவள் வண்டியின் முன் கட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். முகம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் பள்ளமே விழவில்லை. வெயிலிலும் சூட்டிலும் ரப்பர் இறுகிப்போனால் இப்படித்தான் ஆகும். நனைந்த சோப்புக்கட்டியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகமாக அது நழுவி ஓடும், இல்லையா? பிடிக்கிற முகத்தில் பற்று இல்லாவிட்டால் அழுத்தத்தால் பயனில்லை. நல்ல கட்டை நகத்துக்குச் சற்றே இடம் கொடுக்கும், விரலால் தேய்த்தால் இழுபடும்.

செலவே இல்லாமல் இங்கே ஒன்று செய்யலாம். கட்டை ரொம்பத் தேயாமல் முகம் மட்டும் இறுகியிருந்தால், உப்புத்தாளைத் தரையில் விரித்து அதன் மேல் கட்டையைத் தேய்த்து, பளபளப்புப் போய் கருப்பாக மங்கும்வரை எடுக்கலாம். தேய்க்கும்போது உற்றுப் பாருங்கள். ரப்பருக்குள் மின்னும் பொடிகள் பதிந்திருந்தால் ஊசி முனையால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்துவிட வேண்டும். அவை ரிம்மிலிருந்து பெயர்ந்த உலோகத் துணுக்கும் ரோட்டு மணலும். அலுமினிய ரிம்மை உளியால் கோடு போடுவது போல அறுப்பது இவைதான்.

கட்டையை மாற்றுவதாக இருந்தால், குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இந்த ஒரு மாற்றம்தான் என்பது என் உறுதியான எண்ணம். மலிவான கட்டையில் ரப்பர் குறைவு, கடினமான நிரப்புப் பொருள் அதிகம். அமெரிக்காவின் கூல்-ஸ்டாப் நிறுவனம் செய்யும் செங்கல் நிறக் கட்டை, மழையில் பிடிப்பதற்காகவே உலகெங்கும் பெயர் பெற்றது. அது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் கடையில் இருப்பதில் நகத்துக்கு இளகுகிற, நீளமான கட்டையாகக் கேட்டு வாங்குங்கள். நீளம் பிடிப்பைக் கூட்டும் என்பதற்காக இல்லை, நீளமான கட்டை மெதுவாகத் தேயும், சீக்கிரம் சூடேறாது. வாங்கும்போது உங்கள் பழைய கட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். திருகாணி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு வகை, வழவழப்பான தண்டு இருப்பது இன்னொரு வகை. ஒன்றுக்கு மற்றொன்று சேராது.

கட்டையைப் பூட்டும் இடத்தில் கொஞ்சம் நிதானிப்போம், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. சில கட்டைகளில் ரப்பர் ஒரு தகரக் கூட்டுக்குள் செருகப்பட்டிருக்கும். அந்தக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், மறுமுனை திறந்திருக்கும். மூடிய முனை வண்டி போகும் திசையைப் பார்த்து முன்பக்கமாக இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது சுழலும் ரிம் ரப்பரை முன்னோக்கி இழுக்கும். முன்னே சுவர் இருந்தால் ரப்பர் அதில் சாய்ந்து நிற்கும். திறப்பு முன்னே இருந்தால் ரப்பர் வழுக்கிக்கொண்டு வெளியே போய்விடும், உங்கள் கையில் பிரேக் லிவர் மட்டும் மிஞ்சும். இப்படித் தலைகீழாக மாட்டிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கே உங்கள் வண்டியைக் குனிந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்து, கட்டை ரிம்மில் எங்கே உட்கார்கிறது என்பது. முழு முகமும் ரிம்மின் பக்கச் சுவரில் படிய வேண்டும். மேலே ஏறி டயரைத் தொட்டால் சில நாளில் டயரின் கன்னத்தை அறுத்து, டியூப் பிதுங்கி வெடிக்கும். கீழே இறங்கித் தொங்கினால் தொடாத பாகம் உதடு மாதிரி நீண்டு, பிறகு ரிம்முக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். இனி அந்த ‘கீச்ச்’ சத்தம். கட்டையின் முன் முனை பின் முனையை விடத் துளி முன்னதாக ரிம்மைத் தொட்டால் அந்தச் சத்தம் பெரும்பாலும் அடங்கிவிடும். பஸ் டிக்கெட்டை நாலாக மடித்துக் கட்டையின் பின் முனைக்கும் ரிம்முக்கும் நடுவில் வைத்து, லிவரை அழுத்திப் பிடித்தபடி நட்டை முடுக்கினால் அந்தச் சாய்வு தானாக வந்துவிடும். உங்கள் கட்டையில் சாய்க்க வழியே இல்லை என்றால் உப்புத்தாளால் முகத்தையே கொஞ்சம் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளலாம். கேலிப்பர் கையை ஸ்பேனரால் வளைப்பது பழைய வழக்கம். உடையக்கூடிய அலுமினியக் கையில் அதைச் செய்ய வேண்டாம்.

கட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ரிம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் வீண். செயினுக்கு எண்ணெய் விடும்போது தெறிப்பது, துடைக்கிற துணியில் இருப்பது எல்லாம் ரிம்மில் போய்ச் சேர்கின்றன. பாத்திரம் விளக்கும் சோப்பும் தண்ணீரும் போதும். பிசுக்கு கெட்டியாக இருந்தால் முதலில் மண்ணெண்ணெய்த் துணி, ஆனால் அதன் பிறகு கட்டாயம் சோப்பு, ஏனென்றால் மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டுப் போகும். தேங்காய் எண்ணெய் தடவி ரிம்மைப் பளபளப்பாக்கிய ஆயுத பூஜைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடத்தில் தடவலாம், ரிம்மின் பக்கவாட்டில் வேண்டாம்.

இனி ஒயர். இங்கேதான் நம் விரலின் பலம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. படகை நிறுத்தும்போது கயிற்றைக் கரையிலுள்ள கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஒரு சின்னப் பையன் பிடித்துக்கொண்டிருப்பான், அவ்வளவு பெரிய படகு இழுத்தும் கயிறு நழுவாது. வளைவில் ஏற்படும் உரசல் அவ்வளவு பலமானது. படகுக்கு அது நண்பன், பிரேக்குக்கு எதிரி. ஒயர் ஓடும் அவுட்டர் ஒவ்வொரு தடவை வளையும்போதும் நம் இழுப்பில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. உள்ளே துரு இருந்தால் பாதிக்கு மேல் போய்விடும். கேலிப்பரிலிருந்து ஒயரை அவிழ்த்துவிட்டு, இரண்டு முனையையும் கையால் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். வெண்ணெயில் நூல் ஓடுவது மாதிரி ஓட வேண்டும். கரகரவென்று மணலில் இழுப்பது மாதிரி இருந்தால் உடைப்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

ஒயரையும் அவுட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய அவுட்டருக்குள் புது ஒயர் போட்டால், தூர்ந்த குழாயில் புது மோட்டார் மாட்டின கதைதான். உள்ளே பிளாஸ்டிக் குழல் பதித்த அவுட்டர் என்று கேட்டு வாங்குங்கள். அளவாக வெட்டுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் இழுபடாத அளவுக்கு நீளம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் வளைந்து தொங்கவும் கூடாது. வெட்டிய முனை நசுங்கியிருக்கும். அரத்தால் தட்டையாக்கி, உள் ஓட்டையை ஊசியால் விரித்துவிட்டு, முனையில் தொப்பி போட்டு மாட்ட வேண்டும். முனை சாய்வாக இருந்தால் ஒவ்வொரு அழுத்தலிலும் அது அமுங்கிக் கொடுக்கும், லிவர் ரப்பர் பந்தை அழுத்துவது போல இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கியர் வண்டிகளில் கியருக்கென்று தனி ஒயரும் அவுட்டரும் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், விலையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் கியர் ஒயர் மெல்லியது. பிரேக் ஒயர் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனம், கியர் ஒயர் 1.2 மில்லிமீட்டர்தான். பிரேக் அவுட்டருக்குள் கம்பி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும். கியர் அவுட்டரில் துடைப்பக்குச்சி மாதிரி நீளவாக்கில் கட்டியிருக்கும். பிரேக்கை ஓங்கிப் பிடித்தால் அந்தக் குச்சிகள் பக்கவாட்டில் பிளந்து வெடித்துவிடும், அதுவும் நமக்கு பிரேக் மிக அவசரமாகத் தேவைப்படும் நேரத்தில். கடையில் எதையாவது எடுத்துக் கொடுத்தால் முனையைப் பார்த்து வாங்குங்கள்.

இது வரைக்கும் வந்ததற்கு அக்கா மகளுக்கு ஆன செலவு, நான்கு கட்டை, இரண்டு ஒயர், இரண்டு அவுட்டர், ஒரு உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 340 ரூபாய். பெரும்பாலான வண்டிக்கு இதோடு போதும். மேலே போக ஆசை இருப்பவர்களுக்காக மீதியைச் சொல்கிறேன்.

லிவரும் கேலிப்பரும் கணவன் மனைவி மாதிரி, பொருத்தம் பார்க்க வேண்டும். பாக்குவெட்டியில் பாக்கை ஆணிக்கு அருகில் வைத்தால் சுலபமாக வெட்டும், ஆனால் அங்கே வாய் கொஞ்சம்தான் திறக்கும். முனையில் வைத்தால் வாய் நன்றாகத் திறக்கும், வெட்டு விழாது. பலமும் தூரமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வியாபாரம். லிவரிலும் இதே கணக்கு. கேலிப்பருக்கான லிவர் ஒயரைக் கொஞ்ச தூரம் பலமாக இழுக்கும். நம்மூர்க் கடைகளில் ‘பவர் பிரேக்’ என்று சொல்கிற வி-பிரேக், அதாவது சக்கரத்தின் இரு பக்கமும் நீண்ட கைகள் நிமிர்ந்து நிற்கும் வகை, வேறு மாதிரி. 1996-இல் ஜப்பானின் ஷிமானோ அதைக் கொண்டுவந்தபோது கூடவே அதற்கென்று தனி லிவரையும் கொண்டுவந்தது. அந்த நீண்ட கைகளை நகர்த்த ஒயர் அதிக தூரம் ஓட வேண்டும். பவர் பிரேக் லிவரைக் கேலிப்பரில் மாட்டினால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. கெட்டியாக இருந்தால் நல்ல பிரேக் என்று நினைக்கிறோமே, அதுவும் இறுக்குகிற நம்பிக்கையின் தங்கச்சிதான். கெட்டியான லிவர் பல நேரம் பலமில்லாத பிரேக்கின் அடையாளம்.

கேலிப்பரை மாற்றலாமா? மலிவு வண்டியில் இரண்டு கைகளும் ஒரே ஆணியில் கத்தரி மாதிரி பூட்டியிருக்கும். ஓங்கிப் பிடிக்கும்போது கைகள் வளைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்த வளைவும் ஒரு உடைப்பு. இரண்டு ஆணியுள்ள அலுமினியக் கேலிப்பர் இருக்கிறது, அது தடித்தது, பிடிமானம் கூடியது, ஒரு பக்கம் சாய்ந்து உரசுவதும் குறைவு. ஆனால் வாங்கும் முன் ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கேலிப்பரைப் பூட்டும் ஓட்டையிலிருந்து ரிம்மின் பக்கச் சுவரின் நடு வரை எத்தனை மில்லிமீட்டர்? ரேஸ் வண்டிக்கான கேலிப்பர் ஐம்பதைத் தாண்டி எட்டாது. மட்கார்டு போட்ட நம் வண்டிகளில் அந்த தூரம் அறுபதைத் தொடும். அளக்காமல் வாங்கினால் கட்டை டயரில் போய் உட்காரும்.

பவர் பிரேக்கும் டிஸ்க்கும் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. பவர் பிரேக் நிற்க ஃபோர்க்கில் இரண்டு முளை பற்றவைத்திருக்க வேண்டும். டிஸ்க்குக்கு ஃபோர்க்கிலும் இடம் வேண்டும், சக்கரத்தின் ஹப்பும் வேறு. இல்லாத வண்டியில் இவற்றைப் பொருத்துவது என்பது வண்டியில் பாதியை மாற்றுவது. ரிம் பிரேக்கை ஒழுங்காகப் பராமரித்தால் ஊருக்குள் ஓட்டுவதற்கு ஒரு குறையும் இருக்காது.

மிச்சமிருப்பது மழை. அக்கா மகள் வண்டியின் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. காய்ந்திருக்கும்போது ஓரளவு பிடிக்கும். நனைந்துவிட்டால் அந்த வழவழப்பான முகத்தில் தண்ணீர் படலமாக நின்றுகொள்ளும், கட்டை அந்தப் படலத்தின் மேல் மிதக்கும். பிடிமானம் பல மடங்கு விழுந்துவிடும். அலுமினிய ரிம்மிலும் முதல் ஓரிரு சுற்று வழுக்கும், ஆனால் கட்டை தண்ணீரைத் துடைத்ததும் கவ்விக்கொள்ளும். ஆகவே மழையில் ஓட்டும் வழக்கமுள்ள இரும்பு ரிம் வண்டிக்கு, கடைசியும் பெரியதுமான செலவு முன் சக்கரத்து ரிம்மை அலுமினியத்துக்கு மாற்றுவது. அதே அளவு, அதே எண்ணிக்கையில் போக்ஸ் கம்பி ஓட்டை உள்ளதாகப் பார்க்க வேண்டும். ஓட்டை எண்ணிக்கையை எண்ணிக்கொண்டு போங்கள். பழைய நாட்டு சைக்கிளில் முன்னே 32, பின்னே 40 என்று இருக்கும், கடையில் சுலபமாகக் கிடைப்பதோ 36. கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கத் தெரிந்த கடைக்காரரிடம் கொடுங்கள். இது அவசரப்படுத்தக் கூடாத வேலை.

அப்பா காலத்து ஹெர்குலிஸ் மாதிரி கம்பி பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் கட்டை ரிம்மின் பக்கத்தில் பிடிப்பதில்லை, அச்சுப் பக்கமிருந்து மேல் நோக்கி ரிம்மின் உள் முகத்தில் அழுத்தும். அந்த ரிம்முக்குத் தட்டையான பக்கச் சுவரே கிடையாது, உருண்டு வளைந்திருக்கும். அதில் கேலிப்பரை மாட்டினால் கட்டைக்கு உட்கார இடமில்லை. கம்பிகளின் மூட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, நல்ல கட்டை போட்டு, மழையில் மெதுவாகப் போவதே அதற்குச் சரி.

செலவில்லாத இன்னொரு மேம்பாடு நம் பழக்கத்தில் இருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்துவிட்டார்கள். அதனால் பலரும் பின் பிரேக்கை மட்டுமே பிடிக்கிறார்கள். பஸ் பிரேக் போடும்போது நாம் எந்தப் பக்கம் சாய்கிறோம்? முன்னால்தானே. சைக்கிளிலும் பாரம் பெரும்பாலும் முன் சக்கரத்துக்குப் போகும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தைப் பூட்டினால் அது வழுக்கும், நிறுத்தாது. காய்ந்த சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டையும் நன்றாகப் பிடித்தால் மூன்று, நான்கு மீட்டரில் நிற்கலாம். பின் பிரேக் மட்டும் என்றால் அதைப் போல இரு மடங்கு வேண்டும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி படிப்படியாக அழுத்தி, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கைகளை ஊன்றிக்கொண்டால் பயமில்லை. மணல் மேலும், வளைவிலும், ஈரமான வழுக்கு இடத்திலும் மட்டும் முன் பிரேக்கில் நிதானம் வேண்டும். மழையில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்னாலிருந்தே கட்டையை லேசாக உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே வருவது நல்ல பழக்கம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் வண்டியை நிறுத்திய நிலையிலேயே இரண்டு லிவரையும் உங்கள் முழு பலத்தோடு பத்துத் தடவை அழுத்துங்கள். ஒயர் நழுவுவதாக இருந்தால் வாசலிலேயே நழுவட்டும். பிறகு ஆளில்லாத தெருவில் இருபது, முப்பது தடவை வேகம் எடுத்து நிறுத்துங்கள். புதுச் செருப்பு காலுக்குப் பழகுவது மாதிரி கட்டையின் முகம் ரிம்மின் முகத்தோடு பழக வேண்டும். முதல் சில நிறுத்தத்தில் பிடிக்கவில்லையே என்று தோன்றினால் பதற வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து அக்கா மகள் மறுபடி வந்தாள். “இப்ப நல்லா நிக்கி மாமா. ஆனா லிவர் முன்ன மாதிரி இல்லாம கொஞ்சம் உள்ள போகு.” புது அவுட்டரின் முனைகள் தங்கள் இடத்தில் படிந்து, கட்டை துளி தேய்ந்திருக்கிறது. லிவர் பக்கத்தில் இருக்கும் திருகை அவளையே இரண்டு சுற்றுத் திருப்பச் சொன்னேன். இந்தத் தடவை இறுக்குவதுதான் சரியான வேலை.